கோலகங்சார் மரத்தடியில்

அன்புள்ள பாப்பா,

நேற்றிரவு நீ கூப்பிட்டபோது தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மாமாவையும் அத்தையையும் பினாங்கில் விமானம் ஏற்றிவிட்டு நானும் அம்மாவும் சுங்கை சிப்புட் வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது.

மாமாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், தோட்டத்து லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவருடைய அப்பாவுக்குச் சிவப்பு அடையாள கார்டுதான், குடியுரிமை கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, 1970-இல், குடும்பத்தோடு ரஜூலா கப்பலில் இந்தியாவுக்கு, ஊருக்குப் போய்விட்டார்கள். ஊருக்கு என்று சொல்கிறோம், மாமா பிறந்தது இங்கே மலேசியாவில்தான். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பத்து வயது.

அவர்களோடு சுற்றிய முதல் நாள் கோலகங்சார் போனோம். உபுடியா மசூதியின் பொன்னிறக் கும்பங்களை விட்டு அத்தைக்குக் கிளம்பவே மனசில்லை. மாமா கேட்டது அந்தப் பழைய கித்தா மரத்தை, ரப்பர் மரத்தைத்தான். பிரேசில் விதை லண்டன் போய், அங்கே முளைத்து, 1877-இல் இந்தப் பக்கம் வந்த கன்றுகளில் மிஞ்சி நிற்கும் மரம் அது. நம் தாத்தா பாட்டியைக் கடல் தாண்டி இழுத்து வந்தது இந்த மரம்தானே பாப்பா. மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கையில் கத்தி இருப்பதுபோல் காற்றிலேயே இடமிருந்து வலமாக, மேலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்தார். அவர் அம்மா வெட்டுவது அப்படித்தான், பட்டை ஒரு இழை கூடுதலாகச் சீவாமல். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வண்டிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பத்து காஜா, கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை, ரப்பரில் சம்பாதித்தவர், 1915-இல் கட்டத் தொடங்கினார். வேலை செய்ய மதராஸ் பக்கத்திலிருந்து நம் ஆட்களை வரவழைத்தார். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நிறையப் பேர் செத்துப் போனார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்க, துரை கட்டிக் கொடுத்தார். இன்னும் பூசை நடக்கிறது, கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட துரையும் நிற்கிறார். அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்ததும் கோட்டை வேலை அப்படியே நின்றுவிட்டது. துரையின் பெயரும் அவர் மனைவி பிள்ளைகளின் பெயரும் எல்லாருக்கும் தெரியும், அந்தச் செங்கலைத் தூக்கியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அத்தை கோட்டைக்குள் அதிகம் சுற்றவில்லை, மாரியம்மன் முன்னால்தான் உட்கார்ந்துகொண்டார். நானும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அப்புறம் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. பிரிஞ்சாங்கில் வழக்கம்போல் ரோட்டில் ஜாம், விடு. காலையில் பனி விலகும்போது தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கணும், மலை முழுக்கச் சீப்பு வைத்து வாரியதுபோல் இருந்தது. கொழுந்து பறிப்பவர்களில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள், நான் பார்த்ததில் பாதிப் பேர் வங்காளதேசத்துப் பையன்கள். மாமா ஒரு பையனிடம் போய் வீட்டுக்கு எப்போது கடைசியாகப் போனாய் என்று கையாலேயே கேட்டார். அவன் நான்கு விரலைக் காட்டினான்.

இறங்கும்போது தாப்பா ரோடு, லாத்தா இஸ்கந்தார் அருவியில் கொஞ்ச நேரம் கால் நனைத்தோம். அங்கேதான் மாமா கேட்டார், "பாப்பாவ இதெல்லாம் காட்டியிருக்கியாடா?" என்று. கோட்டை நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், கோலகங்சார் அதுகூட இல்லை. நீ ஆஸ்திரேலியா போகும்வரை பதினெட்டு வருஷம் இங்கே இருந்தாய், ஒரு தடவைகூட உன்னைக் கூட்டிப் போகவில்லை. ஓவர்டைம், டியூஷன், ஏதோ ஒன்று. தப்பு என்னுடையதுதான், மன்னிச்சிடு.

தீபாவளிக்கு வரும்போது லீவு மூன்று நாள் சேர்த்து எடு. தாப்பா ரோட்டு வளைவு உனக்கு ஒத்துக்கொள்ளாது, சிம்பாங் பூலாய் வழியிலேயே ஏறி இறங்குவோம்.

அப்பா