செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மனநோயோடு வாழும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கான நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கும், விட ஆளில்லாமல் கூட்டிக்கொண்டே வந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. டிசம்பரில் மழை. மார்ச்சில் பரீட்சை, ஆளே வரவில்லை. முந்தைய ஆண்டு மாதாமாதம் ஒரு டாக்டரைப் பேச அழைத்தோம். இந்த ஆண்டு அதை மூன்றாகக் குறைத்ததில் என்மேல் சிலருக்கு வருத்தம். டாக்டர் பேசும்போது குறிப்பெடுக்கிறோம், சரி. அவர் போன பிறகுதான், செருப்பு மாட்டும் இடத்தில், "நேத்து ராத்திரி பையன் என்னை அடிச்சுட்டான்" என்று ஓர் அம்மா வாய் திறக்கிறார். அந்தப் பேச்சுக்கு உள்ளே இடம் வேண்டும் என்றுதான் குறைத்தேன்.

ஓர் அப்பா. மனைவியை இறக்கிவிட்டுக் கூட்டம் முடியும்வரை வாசலில் பைக்கிலேயே இருப்பார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றமாட்டார். ஐப்பசி மழை கொட்டிய ஞாயிறன்று வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார். பக்கத்திலிருந்த மூத்த உறுப்பினர் ஒன்றும் துருவவில்லை. "பையன் ராத்திரி தூங்குறானா தம்பி?" என்றார், அவ்வளவுதான். அந்த அப்பா அரை மணி நேரம் பேசினார். இப்போது டீ போடுவது அவர்தான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ஜனவரியில் நம் உறுப்பினர் ஒருவரின் பதினைந்து வயது மகளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. தனியே விட்டுவிட்டு வரச் சொல்வார்களோ என்று அம்மாவுக்கு நடுக்கம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவை அச்செடுத்துக் கொடுத்தோம். பதினெட்டு வயது ஆகாதவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நாள் முழுக்கப் பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையோ உடனிருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் உடன் ஒரு பெண் இருந்தாக வேண்டும். தாளைக் காட்டும் அவசியமே வரவில்லையாம், மடித்து மணிபர்ஸில் வைத்திருந்ததே தெம்பாக இருந்தது என்றார். எட்டு நாளும் நான்கு பேர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். அவர் போட்ட ஒரே நிபந்தனை: ரசம் சாதம் போதும், "எப்படி இருக்கா" என்று போன் மட்டும் பண்ணாதீர்கள்.

இன்னொருவரின் காப்பீட்டுக் கோரிக்கை 'மனநோய்க்குக் கிடையாது' என்று திரும்பி வந்தது. உடல் நோய்க்கு உள்ளபடியே மனநோய்க்கும் காப்பீடு உண்டு என்கிறது அதே சட்டத்தின் 21(4). எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் இல்லை.

மனநோய் தீரும் என்று நம்பிக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய்வரும் குடும்பங்கள் நம்மில் உண்டு. போகாதீர்கள் என்று சங்கம் சொல்லாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். நடுராத்திரியில் கை ஓடவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை ஸ்டிக்கராக அடித்துக் கொடுத்தோம். ஓர் அம்மா அதை விருந்தாளி கண்ணில் படாதபடி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறார். அதுவும் சரிதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நினைத்தபடி நடக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கென்று மே மாதம் ஒரு கூட்டம் வைத்தோம். வந்தவர்கள் மூன்று பேர். யாரும் எதுவும் பேசவில்லை, மாலைவரை கேரம் ஆடினார்கள். கிளம்பும்போது, "அடுத்தது எப்போ அங்கிள்?" என்றான் ஒருவன். வரும் மே மாதம் மறுபடி வைக்கிறோம். சிவப்புக் காய் தொலைந்துவிட்டது. யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவரவும்.

செயலாளர்
திருச்சி