முதலில் அரிசி, பிறகு ரேகை

ரேஷன் கடைக்கும் ஆதாருக்கும் விதி எழுதும் அதிகாரிகளுக்கும், அந்த விதிக்கேற்ற கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு முந்திரி உடைக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற தம்பி கைப்பேசியில் வந்த செய்தியைச் சத்தமாகப் படித்தான். ஆதாருக்கு இனி விரல் வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும் என்கிற மாதிரியான செய்தி. கொஞ்ச நேரம் வரிசை முழுக்க அதே பேச்சு.

"அப்பாடா, இந்த வெரல வச்சிக்கிட்டு இனிமே மல்லுக்கட்ட வேணாம்" என்று ஒரு அக்கா பெருமூச்சு விட்டார். கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு நின்ற பெரியவர், "கண்ணாடியக் கழட்டச் சொல்லுவாங்களாப்பா?" என்று தம்பியிடம் கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "மூஞ்சி பதியலைன்னா கார்ட ரத்து பண்ணிடுவாங்களாம்" என்றது. செய்தியில் அப்படி ஒரு வரியே இல்லை. தம்பி மறுபடி படித்துக் காட்டினான். ஆனாலும் வரிசையின் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வரி மட்டும்தான்.

இதை விவரம் தெரியாதவர்களின் வதந்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். விரலை வைத்து வைத்துப் பட்ட பாட்டில்தான் அந்தப் பயம் முளைத்திருக்கிறது. 2017-ல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் கார்டு ரத்தாகியிருந்தது. பட்டினியால் போனாள் என்றார் தாய். நோயால் என்றது அரசு. எங்கள் ஊர் வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் 'ரத்து' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

என் அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருஷத்துக்கு மேலாக முந்திரிக்கொட்டை உடைக்கிறார். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் பட்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கலந்த எண்ணெய் அது. பட்ட இடம் வெந்து, கறுத்து, அப்புறம் பட்டை பட்டையாகத் தோல் உரியும். அதற்காகத்தான் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்க உட்காருகிறார்கள். கையுறை போட்டால் பருப்பை முழுசாக எடுக்க வராது. உடைந்த பருப்புக்கு விலை குறைவு, கூலியும் கிலோக் கணக்கில். அதனால் வெறும் விரல்தான்.

அந்த விரலைத்தான் மாதாமாதம் அம்மா அந்தக் கண்ணாடிச் சில்லின் மேல் வைக்கிறார். "அம்மா, தலைமுடியில தேச்சிட்டு வைங்க" என்பார் விற்பனையாளர். முடியிலிருக்கும் எண்ணெய்ப் பசையில் சில சமயம் ரேகை விழும். விழாவிட்டால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, மறுபடி வலது கை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் இருங்கம்மா" என்று கெஞ்சுவார். திருட வந்தவரைப் போல அவர் நிற்கிற அந்த நிமிடங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. கடைசியில் "ரேகை வுழல, நாளைக்கு வாங்க" என்ற பதில் வரும். விற்பனையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். தெரிந்த ஆளுக்கு அரிசி கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லாமல் போனதுதான் என் கவலை.

பொறியாளர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும் ரேகை, சாகும்வரை மாறாது என்பது உண்மைதான். ஆனால் மாறாதது தோலின் அடியில் இருக்கும் வடிவம். உங்கள் கருவி படிப்பதோ மேலே தேய்ந்துபோன மேட்டையும் பள்ளத்தையும். வயது ஏற ஏற எண்ணெய்ப் பசை குறைந்து தோல் காய்ந்துபோகிறது. காய்ந்த தோல் கண்ணாடியில் சரியாக ஒட்டாது. சிமெண்ட் கலவையின் காரம் சித்தாள்களின் விரலை அரிக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? மார்பகப் புற்றுக்கும் குடல் புற்றுக்கும் கொடுக்கும் கேப்சிடபின் மாத்திரையால் சிலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே அழிந்துபோகும் என்று மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். கையால் உழைத்தவர், வயதானவர், நோயாளி என்று ரேஷன் அரிசியை நம்பியிருக்கும் ஆட்களாகவே தேடிப் பிடித்துக் கைவிடுகிறது இந்தக் கருவி. மேசை வேலை பார்க்கிறவரின் விரல் முதல் தடவையிலேயே விழுந்துவிடும். அவருக்கு இந்த அரிசியே தேவைப்படாது.

கைநாட்டு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாததால் என் ஆயா அந்தப் பெயரோடு நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறார். அதன் கதையைப் பிறகுதான் படித்தேன். 1858-ல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னாளில் பேச்சு மாறிவிடக் கூடாதென்று பத்திரத்தில் அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்து அழுத்த வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே அரசு அலுவலகம் வந்தது. ஆளப்படுகிறவர் மேல் ஆள்கிறவருக்கு இருந்த அவநம்பிக்கையில் பிறந்த வழக்கம் இது. ஆனால் ஆயா காலத்துக் கைநாட்டு எவ்வளவு ஈஷியிருந்தாலும், எதிரே இருந்த குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். பேத்தி பட்டப்படிப்பு படித்த காலத்தில், ஆயாவின் மகளுடைய விரலை ஏற்றுக்கொள்ள ஆளில்லை.

விதி எழுதுகிறவர்களே, நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏழை, ஏழையில்லாதவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கார்டு கொடுக்கும் மாநிலம் இது. 2011-லிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கடைக்கு வர முடியாத முதியவர் தன் சார்பில் வேறொருவரை எழுதிக்கொடுத்து அனுப்ப வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, முதியோர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கே வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு ஆயாக்கள் கண் கலங்கினார்கள். ஆனால் என் அம்மா 58-ல் இருக்கிறார். நடக்கிறார், உழைக்கிறார். விரல் மட்டும்தான் போய்விட்டது. எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் அவர் இல்லை.

ரேகை விழாதவருக்கு மாற்று வழி காட்டும் விதிகளை நீங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள். 2017 அக்டோபரிலேயே ஆதார் ஆணையம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. விரல் பதியாவிட்டால் கருவிழி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி, அதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பொருளைக் கொடுப்பது என்று அதில் வழி சொல்லியிருந்தது. 2018-ல் ஆதார் வழக்கு விசாரணையில், அரசுச் சேவைகளில் 12 சதவீதச் சரிபார்ப்புகள் தோற்றுப்போகின்றன என்று அதே ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 26-ல் வந்த தீர்ப்பில், மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று சொன்ன நீதிபதிகளே, சரிபார்ப்பு தோற்றால் வேறு வழியில் அடையாளத்தை நிரூபிக்க இடம் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். விதியும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. எங்கள் கடைச் சுவரில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் அம்மாவுக்கு இப்படியொரு உரிமை இருக்கிறதென்று யாரும் சொன்னதில்லை. நான் தேடிப் படித்துச் சொன்னபோது, "நெசமாவா?" என்று கேட்டார்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கார்டில் படம் இருக்கிறது, எதிரே ஆள் நிற்கிறார், விற்பனையாளருக்கு அவரைத் தெரியும் என்றால், ரேகை விழாத அந்த நிமிடமே அரிசியை அளந்து கொடுத்துவிடுங்கள். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து விசாரியுங்கள். முதலில் சோறு, பிறகு விசாரணை. இதில் போலிகள் நுழைந்துவிடுவார்கள் என்பீர்கள். ரேஷனில் நாங்கள் கண்ட திருட்டு வேறு. 20 கிலோ என்று எழுதி 18 கிலோ போடுவதும், பருப்பு வந்த அன்றே தீர்ந்துவிட்டது என்பதும்தான் அது. அந்த எடைக் குறைவை எந்த ரேகையும் பிடிக்காது. தராசைக் கருவியோடு இணைத்தால் பிடிக்கும். அதைச் செய்யுங்கள், கூடவே நிற்கிறோம்.

இன்னொன்று. தோல்வியைக் கருவியின் கணக்கில் எழுதுங்கள். இப்போது ரேகை விழாவிட்டால் அது அம்மாவின் குற்றம் போல ஆகிறது. ஐந்தாவது தடவை விழுந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிறது. அதற்கு முன் தோற்ற நான்கு தடவையையும் யார் எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு கடையிலும் அந்த மாதம் எத்தனை பேர் எத்தனை முறை விரல் வைத்தார்கள், எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பினார்கள் என்பதை அந்தக் கடை வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். முந்திரி உடைக்கும் ஊரிலும் உப்பள ஊரிலும் அந்த எண் எவ்வளவு என்று ஊருக்கு ஊர் பார்த்தாலே, எந்தக் கருவியை எங்கே வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அதற்கு எதிரியில்லை. ஓய்வூதியக்காரர்கள் 2021 கடைசியிலிருந்து கைப்பேசியில் முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்று கொடுக்க முடிகிறது; வங்கி வாசலில் காத்துக் கிடந்த பெரியவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் 2025 ஜூலையிலிருந்து அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கும் முகம் பதிய வேண்டும் என்றானபோது, பிள்ளை பெற்ற தாய்மார்கள் சிக்னல் வரும் இடம் தேடிக் கைக்குழந்தையோடு நிற்பதை எங்கள் ஊரில் பார்த்தேன். விருப்பப்பட்டவர் பயன்படுத்தும் வழியாக இருந்தவரை அது உதவி. அதைத் தாண்டினால்தான் சோறு என்றானதும் அது தடையாகிறது. ஆகவே முகம் வரும்போது பழைய வழிகளை மூடாதீர்கள். எங்கள் ஊருக்கு வந்து, வெயிலில் கறுத்த முகங்களையும், கண்புரை ஆறாத கண்களையும், பொக்கை வாய்களையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். புது விதி வருகிறதென்றால் அது கைப்பேசிச் செய்தியாக வருவதற்கு முன்னால் கடைப் பலகையில் தமிழில் வரட்டும். கார்டு ரத்தாகாது என்பதை அதன் முதல் வரியாகப் போடுங்கள்.

அம்மா இப்போது தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பொருள் போடும் தேதிக்கு நாலைந்து நாள் முன்னதாகவே உடைக்கப் போவதை நிறுத்திவிடுகிறார். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, விரல் நுனியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் தோல் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த நாள்களின் கூலி போய்விடும். அரிசி விலையில்லாதது என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு விலை உண்டு.

அடுத்த மாத அரிசிக்காக அவர் நாளைக்கு வேலைக்குப் போகவில்லை.

இப்படிக்கு,
முந்திரி உடைப்பவர் ஒருவரின் மகள்