இறக்கத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேசிய நெடுஞ்சாலையில் விபத்துப் பகுதி, மாடு திரியும் இடம், மூடுபனி, மாற்றுப்பாதை வந்தால் முன்கூட்டியே கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்ப நெடுஞ்சாலை ஆணையமும் ஜியோவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், அழைப்பு என்று எல்லா வழியிலும் வருமாம். 26 வருடமாக லாரி ஓட்டுகிறேன். இது கட்டாயம் வரட்டும். ஆனால் வந்தது எங்கள் காதில் ஏற வேண்டுமே!

தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் இறக்கம், நடுநடுவே வளைவு. 2024 ஜனவரியில் அங்கே நடந்த தொடர் விபத்தில் நான்கு பேர் இறந்ததை வீடியோவில் பலரும் பார்த்திருப்பீர்கள். டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் இறங்குவார்கள். எஞ்சினையே அணைப்பவர்களும் உண்டு. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் பிடிப்பது; எஞ்சின் ஓடாவிட்டால் கம்ப்ரசர் காற்று ஏற்றாது. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் காற்று மீட்டரின் முள் இறங்கிக்கொண்டே போகும். பிரேக் டிரம் சூடேறி லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் வந்த பிறகு யார் எச்சரித்து என்ன? அந்த வேகத்தில் கியரும் விழாது. பாரம் ஏற்றிய வண்டி என்றால் மேலேயே கியரைக் குறைத்தாக வேண்டும்.

போன வருடம் ஒரு ராத்திரி, ஓசூர் தாண்டியதிலிருந்து கைபேசி வரைபடம் 'விபத்துப் பகுதி' என்று சொல்லிக்கொண்டே வந்தது. நாலைந்து தடவை கேட்டேன். ஒரு இடத்திலும் ஒன்றும் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டேன். அப்புறம் பாளையம்புதூர் சுங்கச்சாவடியில் பாஸ்டேக் படிக்கவில்லை. கைக்கருவியோடு ஓடி வந்த பையன், "அண்ணே, கீழ ரெண்டாவது வளைவுல ஒரு வண்டி ஆக்சில் உடைஞ்சு நிக்குது, பாத்துப் போங்க" என்றான். அப்படியே மூன்றாவது கியரில் இறங்கினேன். அவன் சொன்ன இடத்தில் ஒரு டாரஸ் லாரி நின்றது. பின்னால் விளக்கும் இல்லை, முக்கோணமும் இல்லை, இரண்டு கல்லும் கொஞ்சம் தழையும்தான். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

அந்தப் பையன் சொன்ன மாதிரி இருந்தால் எந்த ஓட்டுநரும் கேட்பார். இறக்கத்துக்கு முன்னால் சொன்னான். இப்போது என்ன நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று சொன்னான். எனக்குப் புரியும் பேச்சில் சொன்னான். இந்தச் சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறது. ராஜஸ்தான்காரருக்கு இந்தியில், ஆந்திராக்காரருக்குத் தெலுங்கில் குரலாகவே வர வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது.

தேவையில்லாமல் கத்தும் எதையும் மனிதர்கள் அடைத்துவிடுவார்கள். சீட் பெல்ட் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்தக் கொக்கியில் மாட்டும் துண்டுகள் விற்பனைக்கு வந்து, 2023இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓட்டுநர்களைக் குறை சொல்லும் முன், இதையும் அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைத் திட்டத்தை முதலில் தொப்பூரில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். பழுதாகி நிற்கும் வண்டியைச் சுங்கச்சாவடி ரோந்து வண்டி பார்த்ததும் எச்சரிக்கை போகட்டும். வண்டியை எடுத்ததும் அது நிற்கட்டும். சரியாக வந்ததா, எங்கே வந்தது என்று நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் எங்களிடமே வந்து கேளுங்கள். மறைக்காமல் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்,
சங்ககிரி.