நான்காம் சீசனும் லிசாவின் பல்லும்

அன்புள்ள சேது,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். பத்மா நலம். மீனாவுக்குப் பதினாறு ஆகிறது, எங்களோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். குளிர் ஒருவழியாகப் போய்விட்டது. அங்கே வெயில் எப்படி என்று நீ எழுத வேண்டாம், தெரியும்.

இங்கே நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டி விற்பார்கள் அல்லவா, அங்கே போயிருந்தேன். தோட்டக்கலைப் புத்தகங்களுக்கு நடுவே நம் பழைய அமெரிக்க கார்ட்டூன் தொடர் சிம்ப்ஸன்ஸின் நான்காம் சீசன் டிவிடி பெட்டி கிடந்தது. 2004 ஜூனில் வந்த பெட்டி, நான்கு டிஸ்க், இருபத்திரண்டு எபிசோட். ஒரு காப்பி விலைகூட இல்லை. 1992 செப்டம்பரிலிருந்து 1993 மே வரை வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு நாம் தரையில் உட்கார்ந்து பார்த்தோமே, அதே சீசன்! நம் அறைத்தோழன் பாய் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவான். வெங்கி எப்போதும் ரிமோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பான். அந்தக் கட்டில் விவகாரம்கூட ஒரு வியாழக்கிழமைதான் நடந்தது என்று நினைக்கிறேன். நீ வேறு சொல்வாய்.

வீட்டில் டிவிடி ஓட்ட ஒன்றும் இல்லை. தன் பழைய கேம் பெட்டியில் ஓடும் என்று மீனாதான் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ‘எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே, எதற்கு இது?’ என்றும் கேட்டாள். நீயும் அதைத்தான் கேட்பாய். கேள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் ஆரம்பித்தபோது இந்தப் பழைய சீசன்களை இன்றைய அகலத் திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டிப் போட்டார்கள். டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கிற காட்சி நினைவிருக்கிறதா? டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டி, மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து சரக்கு இறங்கும். ஜோக்கே அந்தக் குழாய்தான். வெட்டின படத்தில் குழாய் காணோம். மூன்று தொட்டி சும்மா நிற்கிறது, தொடரின் நாயகன் ஹோமர் போகிறான், வருகிறான், யாரும் சிரிக்கக் காரணமில்லை. ரசிகர்கள் கத்திக் கத்தி 2020 மே மாதம்தான் பழைய வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாம் சீசனில் மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த எபிசோட் 2019லிருந்து எங்குமே ஓடுவதில்லை. அதை எடுத்தது சரியா தவறா என்று உன்னோடு தனியாகச் சண்டை போடலாம். என் பெட்டியில் இருப்பதை எவனும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட முடியாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

மோனோரயில் எபிசோடை முதலில் போட்டேன். கையில் கிடைத்தால் எவனும் அதைத்தான் முதலில் போடுவான். ஹோமர் வேலை பார்க்கிற அணுமின் ஆலையின் முதலாளி பர்ன்ஸ் பூங்காவில் அணுக்கழிவைக் கொட்டி மாட்டிக்கொள்கிறான், அவன் கட்டுகிற அபராதப் பணம் 30 லட்சம் டாலர் ஊருக்குக் கிடைக்கிறது. ஹோமரின் மனைவி மார்ஜ் பாவம், மெயின் ஸ்ட்ரீட்டைச் செப்பனிடலாம் என்கிறாள். எல்லோரும் ஒத்துக்கொள்ளப்போகிற நேரத்தில் ஒருவன் வந்து பாட்டுப் பாடி மோனோரயிலை விற்றுவிட்டுப் போகிறான். உன் வீட்டு வாசல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இதைப் பார், ரத்தக் கொதிப்பு ஏறும். எழுதியவன் கோனன் ஓ’பிரையன் என்று அப்போது நமக்குத் தெரியவே தெரியாது. அதே 1993இல் அவன் எழுத்து அறையை விட்டு லேட் நைட் என்ற அரட்டை நிகழ்ச்சியை நடத்தப் போய்விட்டான். விருந்தினராகக் குரல் கொடுக்க முதலில் ஸ்டார் ட்ரெக் நடிகர் ஜார்ஜ் டக்கேயைக் கேட்டார்களாம். அவர் பொதுப் போக்குவரத்துக் குழுமத்தில் இருந்தவர், மோனோரயிலைக் கேலி செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதே ஸ்டார் ட்ரெக்கின் லெனர்ட் நிமாய் வந்தார். அந்தக் காலத்தில் மறுப்பதற்குக்கூட ஒரு கௌரவமான காரணம் இருந்திருக்கிறது.

ஹோமர் இனி சர்ச்சுக்குப் போகமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடுகிற எபிசோட் உனக்குப் பிடித்தது, இல்லையா? ஜார்ஜ் மேயர் எழுதியது. கனவில் வருகிற கடவுளுக்கு மட்டும் கையில் ஐந்து விரல், ஊரில் மற்ற எல்லோருக்கும் நான்கு. அன்றைக்கு நாம் கவனிக்கவில்லை. இந்தியக் கடைக்காரன் அபுவின் கடையில் பிள்ளையாருக்கு ஹோமர் வேர்க்கடலையை நீட்ட, என் சாமிக்குக் கடலை கொடுக்காதே என்று அவன் சொல்வதும் அதில்தான். கடைசியில் வீடு தீப்பிடிக்கிறது, அபுவும் தீயணைக்க வருகிறான். பாதிரியார் கிறிஸ்தவர், யூதர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அபுவை இதர வகையில் சேர்த்துவிடுவார். ‘இந்து! நாங்கள் எழுபது கோடிப் பேர் இருக்கிறோம்!’ என்பான் அவன். நீ எழுந்து நின்று கை தட்டினாய், கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையை இடித்தாள்.

மீனாவுக்கு அபு வரும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது அந்தக் குரலில் அவளிடம் பேசியிருப்பார்கள், கேட்டால் சொல்லமாட்டாள். நகைச்சுவைக் கலைஞன் ஹரி கொண்டபோலு 2017இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தான். அபுவுக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளைக்கார நடிகர் ஹேங்க் அசாரியா 2020இல் இனி அந்தக் குரலைக் கொடுப்பதில்லை என்று விலகிவிட்டார். சரியான முடிவுதான் என்று மீனாவிடம் சொன்னேன். மனதார ஒப்புக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அந்த எழுபது கோடி வசனம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்யலாம் என்று நீ பெரிதாக ஆரம்பிக்காதே.

அப்புறம் அந்த இரண்டு எபிசோட். இந்தக் கடிதமே அவற்றுக்காகத்தான்.

ஒன்று, பர்ன்ஸ் போடுகிற கூச்சலில் ஹோமருக்கு மாரடைப்பு வருவது. 1992 டிசம்பரில் வந்தது. செத்துவிட்டான் என்று நினைத்து, விதவைக்கு ஒரு ஹாம், அதாவது பன்றித் தொடைக்கறி, அனுப்பு என்கிறான் பர்ன்ஸ். உயிரோடிருக்கிறான் என்றதும், சரி, ஹாமை கேன்சல் செய். அந்த வருஷம் முழுக்க எதற்கெடுத்தாலும் ‘ஹாம் கேன்சல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். உன் உதவித்தொகை நின்றபோதுகூட பாய் அதைத்தான் சொன்னான். ஆபரேஷனுக்கு 30,000 டாலர் ஆகும் என்கிறார் டாக்டர் ஹிபர்ட். அதைக் கேட்டே இன்னொரு முறை நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான் ஹோமர். இப்போது 40,000 ஆகிவிட்டது என்கிறார் அவர். ஆலையில் மருத்துவ இன்சூரன்ஸ் கிடையாது, சாப்பாட்டு அறைக்கு ஒரு பின்பால் மெஷின் கிடைக்கிறது என்று அதை விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். புதிதாக பாலிசி எடுக்கப் போகிறான், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த அட்டாக். கடைசியில் 129 டாலர் 95 சென்டுக்கு எந்த ஆபரேஷனும் செய்வேன் என்று டிவியில் விளம்பரம் கொடுக்கிற டாக்டர் நிக்கிடம் போய்ப் படுக்கிறான். குழந்தைகளிடம் விடைபெற வேண்டும், என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பார்ட்டிடம் சொல்ல வேண்டியதை லிசா காதில் ஓதுகிறாள், லிசாவிடம் சொல்ல வேண்டியதை பார்ட் ஓதுகிறான். சேது, அன்றைக்கு அந்த இடத்தில் நாம் சமையலறைக்குப் போய்ச் சாதம் போட்டுக்கொண்டிருந்தோமா? எனக்கு அந்தக் காட்சி நினைவிலேயே இல்லை.

இன்னொன்று, 1993 மார்ச்சில் வந்த யூனியன் எபிசோட். பல் இன்சூரன்ஸை விட்டுக்கொடுத்தால் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு பீப்பாய் பீர் தருகிறேன் என்கிறான் பர்ன்ஸ். எல்லோரும் பீப்பாய்க்கு ஓடுகிறார்கள். ஹோமர் மண்டைக்குள் இரண்டே குரல், ‘டென்டல் பிளான்!’, ‘லிசாவுக்குக் கிளிப் போடணும்!’ திரும்பத் திரும்ப ஓடுகிறது, அவனுக்குப் புரியமாட்டேன் என்கிறது. பிறகு புரிகிறது. அதற்கப்புறம் யூனியன் தலைவர், ஸ்ட்ரைக், பர்ன்ஸ் கரண்டைப் பிடுங்குவது, லிசா கிட்டாரோடு இருட்டில் பாடுவது. ஒன்றும் தெரியாத ஹோமரைப் பெரிய சாணக்கியன் என்று பர்ன்ஸ் நினைத்துக்கொண்டே இருப்பது. டிசம்பரில் மருத்துவ இன்சூரன்ஸே இல்லாத ஆலையில் மார்ச்சில் பல்லுக்கு மட்டும் எப்படி இன்சூரன்ஸ் வந்தது என்று கேட்காதே. அந்த ஊரில் ஒரு வாரம் நடந்தது அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. கொடுத்துவைத்தவர்கள்.

சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் எனக்கு வேலை போய்விட்டது.

வீடியோ அழைப்பில் மனிதவளத் துறைப் பெண் ஒருத்தி, மீனாவைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம், எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். என் மேலாளர் அந்த அழைப்பில் இருந்தார், கேமராவை அணைத்துவிட்டு. குழுவில் பாதிப் பேர் போனோம். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளே இரண்டு முறை சொன்னாள். சம்பளம் போனது பெரிய அடியில்லை, கொஞ்ச காலம் ஓடும். இங்கே அமெரிக்காவில் இன்சூரன்ஸ் வேலையோடு கட்டிவைத்த ஒன்று, வேலை போனால் அதுவும் போகும். கோப்ரா என்று ஒரு சட்டம் இருக்கிறது, பதினெட்டு மாதம் வரை அதே இன்சூரன்ஸைத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் இரண்டு சதவீதம் நிர்வாகச் செலவு என்று வாங்கலாம். பத்மாவுடையது பகுதி நேர வேலை, அதில் இன்சூரன்ஸ் இல்லை. அவளுக்குத் தைராய்டு, எனக்குச் சர்க்கரை. மீனாவுக்கு, சிரிக்காதே, பாதியில் நிற்கிறது பல் கிளிப்.

ஆமாம், சேது. டென்டல் பிளான்.

பத்மாவும் நானும் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் தாங்கமாட்டாமல் அந்தக் குரலில் ‘லிசாவுக்குக் கிளிப் போடணும்’ என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வியாழக்கிழமைகளில் அந்த அறையில் இருந்ததில்லை அல்லவா. சொல்லிப் புரியவைக்கிற ஜோக்கும் இல்லை அது.

எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. நாம் அன்றைக்கு ஹோமரைப் பார்த்துச் சிரித்தது, இவ்வளவு மடையனுக்கு ஒரு வேலை, இரண்டு மாடி வீடு, இரண்டு கார், மூன்று குழந்தை என்று. நாம் படித்தவர்கள், நமக்கு எல்லாம் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நினைப்பு. அந்தக் கணக்கு உனக்குச் சரியாக வந்ததா? எனக்கு அவனுடைய சம்பளம் பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை முறை வேலையை விட்டுத் துரத்தப்பட்டும் அடுத்த வியாழன் அதே நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறானே, அதைத்தான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் எவன் நாற்காலியைத் திருப்பித் தருவான்? விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டம் வாங்கிய வருஷத்தை எடுத்துவிடு என்று வெங்கி புத்தி சொல்கிறான். எடுத்துவிட்டேன்.

அந்த வீடு எப்படி வந்தது தெரியுமா? லிசாவின் முதல் வார்த்தை பற்றிய எபிசோடில் வருகிறது, கைக்குழந்தை மேகிக்காக எலிசபெத் டெய்லர் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவாரே, அதில். தாத்தா தன் வீட்டை விற்றுப் பணத்தைக் கொடுக்கிறார், ஹோமர் வீடு வாங்குகிறான். எத்தனை நாள் கழித்து அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பினீர்கள் என்று குழந்தைகள் கேட்கிறார்கள். மூன்று வாரம் என்கிறான். எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நான் அப்பாவின் பத்திரத்தை அடகு வைத்து இங்கே வந்தவன். மேற்கொண்டு எழுதவில்லை.

அம்மாவை நீ மாதாமாதம் போய்ப் பார்ப்பதற்கு நான் நன்றி சொன்னால் நீ திட்டுவாய், அதனால் சொல்லவில்லை. வேலை போனது அவளுக்குத் தெரிய வேண்டாம். கண் ஆபரேஷனுக்கான பணம் தனியாக எடுத்துவைத்ததுதான், அதில் கை வைக்கவில்லை, தேதியைத் தள்ளிப்போட விடாதே. ரங்கா ஏன் இப்போதெல்லாம் பகலிலேயே போன் செய்கிறான் என்று அவள் கேட்டால், வீட்டிலிருந்து வேலை என்று சொல். அது முழுப் பொய்யும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டை விற்றுவிடலாமா என்று உன் மைத்துனர் மறுபடி கேட்டால் ரங்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்துவிடு. இப்போது கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

ஆகஸ்டில் வெங்கி வருகிறான், பெட்டியை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு சிக்கல், இங்கே விற்கிற டிவிடி முதல் மண்டலம், அங்கே ஐந்தாம் மண்டலம், சாதாரண பிளேயரில் ஓடாது. எல்லா மண்டலமும் ஓட்டுகிற பழைய பிளேயர் யாரிடமாவது கிடக்கிறதா என்று இப்போதே விசாரித்து வை. ஒவ்வொரு எபிசோடுக்கும் கூடவே தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங், தயாரிப்பாளர் அல் ஜீன் கும்பல் உட்கார்ந்து பேசுகிற ஒலித்தடம் இருக்கிறது, முதல் சுற்றில் அதைப் போடாதே. யூனியன் எபிசோட் எந்த டிஸ்க் என்று எழுதி உள்ளே சீட்டு வைக்கிறேன். பாயின் புது நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு, பழையது போகமாட்டேன் என்கிறது.

உன்
ரங்கா