மதிப்பீட்டுக்கு முன் பேக்கேஜ் பேசாதீர்கள்

தமிழ்நாட்டில் பேச்சுப் பயிற்சி மையங்கள் நடத்துவோருக்கு,

வணக்கம். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதற்றத்தோடு வருகிறார்கள் பெற்றோர். அரை மணி நேரத்துக்குள் ‘40 செஷன் பேக்கேஜ்’ என்று பணம் கட்டச் சொல்கிறார்கள் சில மையங்களில். பேச்சு-மொழி சிகிச்சைத் துறையில் இருக்கும் நாங்கள் இதை நிறுத்தச் சொல்லி எழுதுகிறோம். மதிப்பீடு முடியுமுன் எத்தனை செஷன் தேவை என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் காது. “கதவு அடித்தால் திரும்புகிறான், வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான்” என்று அம்மா சொன்னதை வைத்து, கேட்கும் திறனில் குறையில்லை என்று எழுதிவிடாதீர்கள். கீச்சொலிகள் மட்டும் கேட்காத பிள்ளையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய உரசொலிகள்தான் அதன் காதுக்கு எட்டாமல் போகும். காதுக்குள் மெல்லிய ஒலி அனுப்பி, உட்காது திருப்பி எழுப்பும் ஒலியைப் பதிவு செய்யும் ஓ.ஏ.இ. சோதனையில் ‘பாஸ்’ என்று வந்தாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. அது உட்காதில் ஒலியை உணரும் மயிரிழை போன்ற நுண்செல்கள் வேலை செய்வதைத்தான் காட்டும். அதற்கு அப்பால் நரம்பில் கோளாறு இருந்தால், ஒலி கேட்டதும் காது நரம்பிலும் மூளைத் தண்டிலும் எழும் மின்னலைகளை அளக்கும் பெரா (BERA) சோதனையில்தான் தெரியும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்றால் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆறு மாதம் பட அட்டை காட்டிப் பயிற்சி தந்தால், அந்த ஆறு மாதத்தைப் பிள்ளைக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

அடுத்தது மொழி. பாட்டியோடு நாள் முழுக்கத் தமிழில் பேசும் குழந்தையிடம் ஆங்கிலப் பட அட்டையை நீட்டி, ‘அம்பிரெல்லா’ சொல்லவில்லை என்று மதிப்பெண் குறைப்பது தவறு. தமிழில் தெரிந்த சொல், ஆங்கிலத்தில் தெரிந்த சொல், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். “வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்ற அறிவுரை இன்னும் மோசம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆங்கிலம் சரளமாக வராத அம்மா ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்று நாலு சொல்லோடு நின்றுவிடுவார். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் ஓயாமல் வந்துகொண்டிருந்த பேச்சு அன்றோடு போய்விடும். அந்தப் பேச்சுதான் பிள்ளைக்கு முதல் மருந்து.

வட்டார வழக்கையும் நோயாக்காதீர்கள். தென் மாவட்டங்கள் பலவற்றில் ‘பழம்’ பெரியவர்கள் வாயிலேயே ‘பளம்’தான். வீட்டில் கேட்டதைச் சொல்லும் பிள்ளைக்கு உச்சரிப்புக் கோளாறு என்று எழுதுவது நேர்மையல்ல. ‘காக்கா’வை இரண்டு வயதில் ‘தாத்தா’ என்றால் அது வளர்ச்சியின் ஒரு படி. ஐந்து வயதிலும் ‘குடை’ ‘துடை’யாகவே இருந்தால் அது வேறு, பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியும் ஒலியைக் கேட்டுப் பிரித்தறிவதிலும் சொல்லிப் பழகுவதிலும் இருக்க வேண்டும். விசில் ஊதுவதும் உதட்டில் தேன் தடவி நக்கச் சொல்வதும் ‘க’வைக் கொண்டுவராது.

பயிற்சி தருபவர் யார் என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992, அந்த மன்றத்தில் பதிவு இல்லாதவர் இத்தொழில் செய்வதைத் தடுக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓராண்டு டிப்ளமோ முடித்தவர் உதவியாளர். மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியவரைத் தனி அறையில் ‘தெரபிஸ்ட்’ என்று உட்கார வைக்காதீர்கள்.

மதிப்பீட்டு அறிக்கையில் செய்த சோதனைகள், எந்த மொழியில் செய்தது, மூன்று மாத இலக்கு, செய்தவரின் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். இலக்கு ‘பேச்சு மேம்படும்’ என்று இருந்தால் போதாது. ‘தானாகவே இரண்டு சொல் சேர்த்துக் கேட்பான்: பால் வேணும், பந்து தா’ என்று எழுதினால்தான் நடந்ததா இல்லையா என்று அம்மாவே பார்த்துக்கொள்வார். கதவைச் சாத்திப் பெற்றோரை வெளியே நிறுத்தாதீர்கள். இலக்கை எட்டிய பிள்ளையை அனுப்பி வையுங்கள். கட்டிய பணத்தில் மீதி இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பேச்சு-மொழி சிகிச்சையாளர்கள் சிலர்