மே மாதத்தில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு

பெயர் தெரியாத அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்த மே மாதம் எனக்கு 35 வயது நிறைந்தது. கேக் வெட்டினோம், அம்மா பால் பாயசம் வைத்தார். வாழ்த்தியவர்களுக்கெல்லாம் நேரிலும் போனிலும் நன்றி சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல முடியாதவர்கள் நீங்கள்தான். ரத்தப் பையின் மேல் ஓர் எண் இருக்கும், பிரிவு இருக்கும், எடுத்த தேதியும் காலாவதியாகும் தேதியும் இருக்கும். கொடுத்தவரின் பெயர் இருக்காது. அது நல்ல விதிதான். ஆனால் நன்றி சொல்ல வேண்டும் என்றால் இப்படி எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

எனக்கு இருப்பது தலசீமியா மேஜர். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினைத் தேவையான அளவு நல்லதாக என் உடம்பால் உண்டாக்க முடியாது. இது பெற்றோர் வழியாக வருகிற நோய். என் முதல் பிறந்தநாளில் எடுத்த போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. பட்டுப் பாவாடை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, வெளிறிப்போன முகம். "பிள்ளை நல்ல கலர்" என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். அது கலர் இல்லை, ரத்தமே இல்லை என்று சில வாரங்களில் தெரிந்துவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எனக்கு முதல் முறையாக ரத்தம் ஏற்றினார்கள். அன்றிலிருந்து மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை யாரோ ஒருவருடைய ரத்தம் எனக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இறங்கினால் படி ஏற முடியாது. ரத்தம் ஏறிய மறுநாள் காலையில் எழுந்தால் உலகமே வேறு. அந்தக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஒரு முறையாவது காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

ரத்தத்தோடு இரும்புச் சத்தும் வரும். ஒரு பையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மீதியெல்லாம் இருதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். அதை எடுக்க, சின்ன வயதில் எனக்கு டெஸ்ஃபெரால் பம்பு வைப்பார்கள். வயிற்றில் தோலுக்கு அடியில் ஊசி. ராத்திரி முழுவதும் மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். வாரத்தில் ஐந்தாறு ராத்திரி இப்படித்தான். பத்தாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, இன்றைக்கு ஊசி வேண்டாம் என்றேன். அவர் டாக்டரிடம் போய்க் கேட்டு, அந்த வாரத்தின் ஓய்வு ராத்திரியை என் பிறந்தநாளுக்கு மாற்றிக் கொடுத்தார். இதுவரை எனக்குக் கிடைத்த பரிசுகளில் பெரியது அதுதான். அந்த மருந்தை அப்பாவின் சம்பளத்தில் மட்டும் வாங்கியிருக்க முடியாது. பட்டறையில் கூட வேலை பார்த்த மாமாக்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. மாமா, உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இப்போது நான் மாத்திரையில் இருக்கிறேன், பம்பு இல்லை.

மே மாதத்தில் பிறந்ததில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் ரத்தம் கொடுப்பவர்களில் நிறையப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். ஏப்ரலில் பரீட்சை, மே மாதம் லீவு. விடுதிகள் காலியாகிவிடும், முகாம்கள் குறைந்துவிடும். ரத்த வங்கி ஃப்ரிட்ஜிலும் பைகள் குறையும். அதனால் என் பிறந்தநாள் நெருங்கும்போதெல்லாம் அப்பா ஆள் தேடி அலைந்துகொண்டிருப்பார். ஆரப்பாளையம் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் அப்போதெல்லாம் கைவிட்டதே இல்லை. ஒரு வருடம் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளும் என் பிறந்தநாளும் சேர்ந்து வந்தன. வண்டி எதுவும் ஊருக்குள் நுழைய முடியவில்லை. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஓர் அண்ணன் நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, வாங்கிய ஜூஸைக்கூட முழுதாகக் குடிக்காமல், "அழகரைப் பார்க்கணும் தங்கச்சி" என்று கிளம்பிவிட்டார். அவர் முகம் நினைவிருக்கிறது. பெயர் கேட்க நேரமில்லை.

அப்புறம் 2021 மே. கொரோனா இரண்டாவது அலை. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து 18 வயது ஆனவர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்திருந்தது. ஊசி போட்டால் கொஞ்ச நாளைக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது. முதலில் 28 நாள் என்றார்கள், பிறகு 14 நாளாகக் குறைத்தார்கள். கொடுக்கிற வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விலகிவிட்டால் எங்களைப் போன்றவர்கள் என்ன ஆவது என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அப்போதுதான் இளைஞர்கள் பலர், முதலில் ரத்தம், பிறகு தடுப்பூசி என்று முடிவெடுத்துக் கிளம்பினார்கள். ஊரே பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்தப் பிறந்தநாளில் பாயசம் இல்லை, விருந்தாளி இல்லை. ஆனால் எனக்கு ரத்தம் இருந்தது. தம்பிமார்களே, உங்களை நினைக்காமல் ஒரு மே மாதமும் எனக்குக் கடப்பதில்லை.

ரசிகர் மன்றத்துக்காரர்களுக்கும் கட்சித் தொண்டர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். நடிகர் பிறந்தநாள், தலைவர் பிறந்தநாள் என்றால் ரத்ததான முகாம் நடத்துவது நம் ஊர் வழக்கம். சிலர் அதை விளம்பரம் என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்காக நீங்கள் கொடுத்த ரத்தத்தில்தான் என் பிறந்தநாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் பிறந்ததும் 1868 ஜூன் 14. அந்த நாளைத்தான் உலக ரத்த தான நாளாக வைத்திருக்கிறார்கள். அவர் அதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் உங்கள் ரத்தம் எனக்குச் சேருமா சேராதா என்று சொல்ல ஆளே இருந்திருக்காது.

உரிமையோடு ஒன்று கேட்கிறேன். சிவப்பணுப் பையை 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். எல்லோரும் ஒரே நாளில் கொடுப்பதைவிட, பாதிப் பேர் மே மாதத்துக்கென்று தள்ளி வைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கல்யாணம் பேசுகிற வீடுகளில் ஜாதகத்தோடு, தலசீமியா கடத்தியா என்று காட்டுகிற ஹெச்பிஏ2 ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். கடத்தி என்றால் தனக்கு நோய் இல்லாமலே பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர். அப்பாவும் அம்மாவும் தலசீமியா கடத்திகளாக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. என் பெற்றோருக்கு இதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

நரம்பு கிடைக்காத கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றும் வார்டு சிஸ்டர்களுக்கு நன்றி. பல வருடம் ரத்தம் ஏற்றிய உடம்பில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, சேருகிற பை கிடைப்பது கடினமாகிவிடும். ஒன்று சேராவிட்டால் அடுத்தது, அதுவும் சேராவிட்டால் அதற்கடுத்தது என்று பையின் ரத்தம் என் ரத்தத்தோடு சேருமா என்று பொறுமையாக கிராஸ்மேட்ச் பார்க்கும் லேப் டெக்னீஷியன்களுக்கு நன்றி. ரத்தம் ஏற்றும் நாளில் கேட்காமலேயே லீவு கொடுக்கும் என் ஆபீஸ் சாருக்கும் நன்றி. இந்தப் பிறந்தநாளுக்கு என் கூட வேலை பார்ப்பவர்கள் புடவை வாங்கித் தரவில்லை. சேர்ந்து போய் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சு ஒட்டியபடியே வந்து கேக் சாப்பிட்டார்கள். அந்தப் பைகள் எந்தப் பிள்ளைக்குப் போயிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. போன வாரம் எனக்கு ஏறிய பை யாருடையது என்றும் தெரியாது. அதைக் கொடுத்தவர் இதைப் படிக்கிறார் என்றால், நான் நன்றாக இருக்கிறேன், நீங்களும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் தங்கை