வெளிநாடு போவது பாதிக் கதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையில் ஐசெக் (AIESEC) அமைப்பையும் ஆலோசனை ஏஜென்சிகளின் வரிசையில் சேர்த்துவிட்டீர்கள். அங்கே ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. நாடு விட்டு நாடு மாணவர்களை வேலை பழக அனுப்பவும் வரவழைக்கவும் கல்லூரிப் பிள்ளைகளே நடத்துகிற அமைப்பு அது. பதவியெல்லாம் ஒரு வருடம்தான், அப்புறம் அடுத்த செட் வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின் புண் ஆறாத 1948இல் பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. பொருளாதாரமும் வணிகமும் படிக்கிறவர்கள் அடுத்த நாட்டுக் கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தால் அந்த நாட்டு மனிதர்களைப் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை. தொழில்நுட்ப மாணவர்களுக்கு இதே வேலையைச் செய்கிற இயஸ்டே (IAESTE) அமைப்பும் அதே ஆண்டில்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவானது. பின்லாந்தின் அதிபராக இருந்து, 2008இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய மார்ட்டி அஹ்திசாரி படிக்கிற காலத்தில் ஐசெக்கில் இருந்தவர்.

கட்டுரை முழுக்க 'நம் பிள்ளைகள் எங்கே போகலாம்' என்பதே பேச்சாக இருந்தது. ஆனால் இங்கிருந்து ஒருவர் போலந்துக்குப் போக வேண்டுமானால், அங்கே ஒரு மாணவர் ஏதோ ஒரு கம்பெனியின் படியேறி, பேசி, இடம் வாங்கியிருக்க வேண்டும். இயஸ்டேயில் இது இன்னும் கறார்: ஓர் இடம் கொடுத்தால் ஓர் இடம் கிடைக்கும். நம் ஊரில் படியேறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவைத் திறக்கிற முதலாளிகள்தான் குறைவு.

அம்பத்தூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்கிற எங்கள் அலுவலகத்துக்கும் ஐசெக் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். பி.காம் படிக்கிற பெண்தான் பேசினார். நன்கொடை கேட்க வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, "உங்க பையர்ஸ்ல ஸ்பானிஷ் பேசறவங்க இருக்காங்களா சார்?" என்றார். எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய மெயில்களோடு நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டும் இருந்தோம். ஸ்பானிஷ் தெரிந்த வெளிநாட்டு மாணவர் ஒருவரை எடுக்கச் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

கொலம்பியாவிலிருந்து ஒரு மாணவி வந்து எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் உட்கார்ந்தார். சாம்பிள் அப்ரூவல் வாங்குவது, ஷிப்மெண்ட் தேதி பேசுவது எல்லாம் அவர் கைக்குப் போனது. சாயப்பட்டறைக்காரர் 'வெள்ளிக்கிழமை கண்டிப்பா' என்றால் அது செவ்வாய்க்கிழமை என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. பையரின் போன் வந்தாலே பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிடுகிற எங்கள் ஊழியர் ஒருவர், அவரோடு பேசிப் பேசியே தைரியமாகப் போனை எடுக்க ஆரம்பித்தார்.

எங்கள் பங்கு உதவித்தொகையும் மேஜையும்தான். விமான நிலையத்தில் அழைத்து வந்தது, வெளிநாட்டவர் பதிவுக்காக சாஸ்திரி பவனுக்குக் கூட்டிப்போனது (இப்போது அது ஆன்லைனில் வந்துவிட்டது), வெளிநாட்டுப் பெண்ணுக்கு வீடு தர மாட்டேன் என்ற அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது எல்லாம் அந்தப் பிள்ளைகள். எந்த எம்.பி.ஏ. வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? விமானம் ஏறுகிறவரைவிட இங்கே இருந்து இடம் பிடிக்கிறவரே அதிகம் கற்கிறார் என்பது என் கட்சி.

குறையே இல்லையா என்றால், உண்டு. வருடா வருடம் ஆள் மாறுகிற அமைப்பில் போன செட் சொன்னது புது செட்டுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், கட்டுரையில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. ஆறு முதல் எட்டு வாரத் தன்னார்வத் திட்டத்தில் சம்பளம் கிடையாது. கட்டணமும் விமானச் செலவும் மாணவருடையது. கம்பெனியில் உதவித்தொகையோடு வேலை பழகுவது வேறு. பெற்றோர் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். உதவித்தொகை எவ்வளவு, தங்குமிடம் யார் செலவு, வேலை நேரம் என்ன என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கிறதா, விசா அந்த வேலைக்கு உரியதுதானா என்று பார்க்கட்டும். கம்பெனி வேலைக்கு 'டூரிஸ்ட் விசாவே போதும்' என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்த கட்டுரையை அம்பத்தூர், திருப்பூர், கரூர் சிறு தொழில் முதலாளிகளுக்காக எழுதச் சொல்லுங்கள். ஒரு வெளிநாட்டு மாணவரை எடுக்க என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று. எங்களிடம் உள்ள ஒப்பந்தக் கடிதங்களின் நகலை, மாணவர் பெயரை அடித்துவிட்டு, உங்கள் நிருபருக்குத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதி நிறுவன வாசகர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை